மூன்றாவது பதில்

தாதிச் சீருடையில் தலைகீழாகக் குத்தியிருக்கும் என் சின்ன மணிக்கூடு இன்று காலை நின்றுவிட்டது. நாடி பார்ப்பதற்காக ஒருவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தபோதுதான் கண்டேன், நொடி முள் அசையவில்லை. மதிய இடைவேளையில் பக்கத்திலுள்ள வெரிபீ கடைத்தொகுதிக்குப் போய் பற்றரி மாற்றக் கொடுத்தேன். கடைக்காரர் பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, இவ்வளவு காலம் ஓடியதே பெரிது என்றார். அது யாரை எண்ணிக்கொண்டு ஓடியது என்று அவருக்குத் தெரியாது. நாடித்துடிப்பைவிட அது அதிகம் எண்ணியது உங்களைத்தான். உங்களுக்குத் தெரியாமல் எண்ணுகிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அது என் மடத்தனம்.

செவ்வாயும் வியாழனும் நீங்கள் எங்கள் கிளினிக்குக்கு மொழிபெயர்ப்பாளராக வருவீர்கள். ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்கள் தாரி மொழியில் சொல்வதை டொக்டருக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், டொக்டர் சொல்வதை அவர்களுக்குத் தாரியில் சொல்ல வேண்டும். காபூலில் கணக்குப் படிப்பித்தவர் என்று மனேச்சர் உங்களை அறிமுகப்படுத்தினார். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கையில் கொப்பி இல்லை, பேனை இல்லை. குறித்து வைக்காமல் எப்படி இவ்வளவையும் ஒப்புவிக்கிறா என்று முதல் நாளே எனக்குச் சந்தேகம் தொடங்கிவிட்டது.

என் சந்தேகம் சும்மா வந்ததல்ல. படகில் இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய காலத்தில், அகதி விசாரணையில் என் கதையை அரை மணித்தியாலம் சொன்னேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் அதை மூன்று வசனத்தில் முடித்தார். அப்போது எனக்கு இருந்த ஆங்கிலம் கொஞ்சம்தான். ஆனால் அரை மணித்தியாலமும் மூன்று வசனமும் ஒன்றல்ல என்று விளங்க அது போதும். அதற்குப் பிறகு மொழிபெயர்ப்பவர் யாரென்றாலும் என் கண் மணிக்கூட்டுக்குப் போய்விடும். வீட்டில் இவர் என்னைப் பகிடி பண்ணுவார்.

"உமக்கு அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்த மனுசி பாவம், தன்ரை வேலையைத்தானே செய்யுது?"

"சூடு கண்ட பூனை அப்பிடித்தான் பாக்கும். நீங்கள் சும்மா இருங்கோ."

பிறகு ஒரு வியாழக்கிழமை அந்த அம்மா வந்தார். ஐம்பது வயது தாண்டியவர், கணவர் உயிரோடு இல்லை, வளர்ந்த மகன் கூட்டி வந்திருந்தார். இடது மார்பில் ஒரு கட்டி. படம் எடுத்ததில் எங்கள் பெண் டொக்டருக்குத் திருப்தியில்லை. எத்தனை நாளாக இருக்கிறது, நோகிறதா, இரத்தம் ஏதும் வடிகிறதா என்று டொக்டர் கேட்டா. அந்த அம்மா நெஞ்சில் கையை வைத்து, "ஹூப், தஷகோர்" என்றார். நல்லது, நன்றி. எந்தக் கேள்விக்கும் அதே பதில். மகன் தாயை அல்ல, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது புற்றுநோயாக இருக்கலாம், வைத்தியசாலையில் ஊசி வைத்துத் துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும், பிந்தக்கூடாது என்று டொக்டர் நாலு நிமிடம் விளங்கப்படுத்தினா. நீங்கள் அதை நாற்பது நொடியில் சொன்னீர்கள். பிறகு டொக்டர் கேட்காத எதையோ அந்த அம்மாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். அவரும் திரும்பத் திரும்ப நன்றி சொன்னார். அதற்குப் பிறகு மகனின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், "காரை வெளியே இரண்டு மணித்தியாலத்துக்குத்தானே விடலாம்? ஒருக்காப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்களேன்" என்றீர்கள்.

நான் முந்திக்கொண்டேன். "இல்லையில்லை, எங்கள் கார் பார்க்கில் நாள் முழுக்க விடலாம். ஒரு பிரச்சினையும் இல்லை."

எழும்பப் போன மகன் நன்றி சொல்லிவிட்டு மறுபடி கதிரையில் சாய்ந்தார். நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். வேளைக்கு வீட்டுக்குப் போக அவசரப்படுகிறா, பிடிபட்டுப்போனா என்றுதான் அதை எடுத்துக்கொண்டேன்.

வைத்தியசாலையில் குறித்துக் கொடுத்த நாளுக்கு அந்த அம்மா போகவில்லை. செய்தி வந்ததும் எனக்கு அந்த நாற்பது நொடிதான் ஞாபகத்துக்கு வந்தது. நீங்கள் புற்றுநோய் என்ற சொல்லையே விழுங்கிவிட்டீர்கள் என்று நினைத்தேன். மனேச்சருக்கு முறைப்பாடு எழுதினேன். நாலு நிமிடம், நாற்பது நொடி, இரண்டையும் எழுதினேன். விசாரித்து முடியும்வரை உங்களை வரவேண்டாம் என்றார்கள். எனக்கு அப்போது துளியும் வருத்தம் இருக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த தரம் நானே மகனைத் தொலைபேசியில் கெஞ்சி அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். நீங்கள் இருக்கும் கதிரை வெறுமையாக இருந்தது. மேசையில் ஸ்பீக்கர் போன். அதற்குள்ளிருந்து ஓர் ஆண் மொழிபெயர்ப்பாளரின் குரல். டொக்டர் ஒரு நிமிடம் பேசினால் அவரும் ஒரு நிமிடம் பேசினார். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. என் மணிக்கூட்டுக்குப் பரம திருப்தி. மார்பு என்ற சொல் அந்த ஆண் குரலில் வந்ததும் அந்த அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். மகன் நிலத்தைப் பார்த்தார். கட்டி தானாகவே கரைந்துவிட்டது, டொக்டருக்கு நன்றி என்று பதில் வந்தது. தொட்டுப் பார்க்கவும் விடவில்லை. எல்லாம் சரியாக மொழிபெயர்க்கப்பட்டு, அந்த அம்மா சாவதற்காக எழும்பிப் போய்க்கொண்டிருந்தார்.

கதவடியில் நின்று என் மணிக்கட்டைப் பிடித்தார். வெறும் கதிரையைக் காட்டி, "தர்ஜுமான்?" என்று கேட்டார். மொழிபெயர்ப்பவர் எங்கே என்று அர்த்தம், அந்த ஒரு சொல் எனக்குத் தெரியும். நான் அனுப்பிவிட்டேன் என்று எந்த மொழியில் சொல்வது?

முறைப்பாட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு உங்களுக்கு நானே அழைப்பெடுத்தேன். செவ்வாய்க்கிழமை வந்தீர்கள். தேநீர் போடும் அறையில் நாம் இரண்டு பேர் மட்டும். உங்கள் ஆங்கிலத்தை என் தமிழில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"நீ நான் பேசும் நேரத்தைப் பார்த்தாய். தெரியும்" என்றீர்கள். "நானும் உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எப்போதும் மணிக்கூட்டைப் பார்த்து ஏதோ எழுதுகிறாள், குடிவரவுத் திணைக்களத்துக்கு எழுதுகிறாளோ என்று."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஒரே அறையில் இரண்டு அகதிகள், ஆளை ஆள் உளவாளி என்று நினைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறோம்.

"புற்றுநோய் என்று ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"மகன் இருக்கும்போது அந்தச் சொல்லைச் சொன்னால், அதற்குப் பிறகு அவளுடைய வாய் திறக்காது. மார்பைப் பற்றி மகனுக்கு முன்னால் எந்தத் தாய் பேசுவாள்? அவனை வெளியே அனுப்பிவிட்டு முழுவதையும் சொல்ல இருந்தேன். நீதான் கார் பார்க் கணக்குச் சொன்னாய்."

"அதை என்னிடம் வாய் திறந்து சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்க வேண்டும். அது என் பிழை. ஆனால் உன் முகத்தைப் பார்த்தால் யாருக்குச் சொல்ல வரும்?"

பிறகுதான் அதைச் சொன்னீர்கள். உங்கள் ஆட்களிடம் எதையும் மூன்று தரம் கேட்க வேண்டும் என்றீர்கள். "முதல் பதில் மரியாதைக்கு. இரண்டாவது, பக்கத்தில் இருப்பவர்களுக்கு. மூன்றாவதுதான் டொக்டருக்கு." இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் ஆட்கள் நினைவுக்கு வந்தார்கள். பசியோடு வந்து இருந்துகொண்டு, இப்போதுதான் சாப்பிட்டோம் என்று சொல்கிறவர்கள்தானே நாங்களும்.

அந்த அம்மா மறுபடி வந்தபோது மகனிடம் நானே சொன்னேன். "தம்பி, இன்றைக்குப் பார்க்கிங்காரர் சுற்றித் திரிகிறார், ஒருக்காக் காரைப் பாருங்கள்." அவர் ஓடினார். கதவைச் சாத்தினேன். என்ன கேட்கப் போகிறீர்கள் என்பதை இந்த முறை டொக்டருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டீர்கள். முதல் தரம் கேட்டீர்கள், நன்றி வந்தது. இரண்டாம் தரமும் நன்றி. மூன்றாம் தரம் உங்கள் கதிரையை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு மெதுவாகக் கேட்டீர்கள். அந்த அம்மா அழுதுகொண்டே பேசத் தொடங்கினார். எட்டு மாதமாகக் கட்டி இருக்கிறது. இரண்டு மாதமாக இரத்தம். மூத்த மகள் இன்னும் காபூலில், அவளுக்கு விசாவுக்குப் போட்டிருக்கிறார்கள். தாய்க்குப் பெரிய நோய் என்று ஒரு கடதாசியில் ஏறினால் அது விசாக்காரரின் கைக்குப் போய், மகளின் காரியம் கெட்டுவிடும் என்று பயம். அந்தப் பயத்தை எனக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. இந்தக் கடதாசி அங்கே போகாது என்று டொக்டர் சொல்லச் சொல்ல, நீங்கள் நாலு நிமிடத்தை ஏழு நிமிடமாகச் சொன்னீர்கள். அன்றைக்கு நான் மணிக்கூட்டைப் பார்த்தது மகன் திரும்பி வந்துவிடுவாரோ என்ற பயத்தில்தான்.

அந்த அம்மா இன்றும் இருக்கிறார். சத்திரசிகிச்சை முடிந்து, முடி கொட்டி முளைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். வரும்போதெல்லாம் அந்தக் கதிரையைப் பார்க்கிறார்.

அன்றிலிருந்து நான் உங்களை அக்கா என்று கூப்பிட்டேன். நீங்கள் என்னை ஜான் என்றீர்கள், தாரியில் உயிர் என்று அர்த்தமாம். வெங்காயத்தாள் வைத்த ரொட்டி கொண்டுவருவீர்கள், என் சம்பலை வாயில் வைத்துவிட்டுக் குழாயடிக்கு ஓடுவீர்கள். சுருக்கி மொழிபெயர்ப்பது பிழை என்று நான் கடைசிவரை சண்டை பிடித்தேன். இப்போதும் பிழை என்றுதான் சொல்வேன்.

போன குளிர்காலத்தில் நீங்கள் மெலிந்தீர்கள். நடைபாதையில் மறித்து, "அக்கா, சுகமா?" என்று கேட்டேன். "நல்ல சுகம் ஜான், நன்றி" என்றீர்கள். சில நாள் கழித்து மதியச் சாப்பாட்டில், எல்லோரும் சுற்றி இருக்க, "ஏன் இப்படி இளைச்சுப்போனீங்கள்?" என்று கேட்டேன். இனிப்பைக் குறைத்துவிட்டேன் என்று சிரித்தீர்கள். மற்றவர்களும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த மாதம் லீவு எடுத்தீர்கள். அதற்கு அடுத்த மாதம் நீங்கள் போய்விட்டீர்கள் என்று உங்கள் மகள் தொலைபேசியில் அழுதாள். புற்றுநோய் வயிற்றுக்குள் வளர்ந்து எல்லா இடமும் பரவியிருந்ததாம். "டொக்டர் கேட்ட நேரமெல்லாம் நான் பக்கத்திலேயே இருந்தேன், ஒரு நாளும் விட்டுப்போகவில்லை. நல்லாயிருக்கிறேன் என்றுதான் அம்மா சொன்னா" என்றாள். காரைப் பார்த்துவிட்டு வரும்படி அந்தப் பிள்ளையிடம் சொல்ல அங்கே ஒருவரும் இருக்கவில்லை.

இன்று பின்னேரம், புதுப் பற்றரி போட்ட மணிக்கூட்டோடு அறைக்குள் போனேன். பக்கத்து டார்னெய்ட்டிலிருந்து ஒரு தமிழ்நாட்டு அம்மா, மருமகனோடு. ஒன்றுமில்லை, லேசான மயக்கம்தான் என்றார். மருமகன் தலையாட்டினார்.

"காரை எங்கே விட்டிருக்கிறீங்கள்? ஒருக்காப் பாத்திட்டு வாங்கோவன்" என்றேன்.

"ஆல் டே பார்க்கிங்னு போர்டு போட்டிருக்கே, சிஸ்டர்?"

"போர்டை நம்பாதேங்கோ தம்பி. எதுக்கும் ஒருக்காப் பாருங்கோ."

அவர் போனதும் கதவைச் சாத்தி, கதிரையை இழுத்துப் போட்டு, மூன்றாவது தரமும் கேட்டேன். அந்த அம்மா சொல்லத் தொடங்கினார். இனி யாரிடமும் மூன்று தரம் கேட்காமல் கதவைத் திறக்க மாட்டேன்.

வீட்டிலும் வேலையிலும் சந்தேகப் பிராணி என்று பெயர் எடுத்தவள் நான். எல்லோரையும் சந்தேகித்தேன், உங்களை அந்த நாற்பது நொடிக்காகச் சந்தேகித்தேன். சுகம் என்று நீங்கள் சொன்னதை மட்டும் அப்படியே நம்பிவிட்டேன்.

உங்களிடம் நான் இரண்டு தரம்தான் கேட்டேன், அக்கா.