டிக்கியில் கிடக்கும் அட்டை

இன்று காலை மாம்பழச்சாலை தாண்டியதும் கார் பஞ்சர். பஞ்சர் கடைக்காரர் வந்து, "அக்கா, டிக்கியத் திறங்க. ஸ்டெப்னி இருக்குல்ல?" என்றார். ஒரே மூச்சில் இரண்டு வார்த்தை. நீ பக்கத்தில் இருந்திருந்தால் பேனாவால் தட்டியிருப்பாய்.

இங்கிலாந்தில் கார் நின்றுபோய்த் தவிப்பவர்களுக்குத் திருச்சியிலிருந்து போனில் வழி சொல்வது அப்போது நம் வேலை. சேர்ந்த மூன்றாம் நாளே, மழையில் நின்ற ஒரு பெண்மணியிடம் இதே இரண்டு வார்த்தையையும் இங்கிலீஷ் என்று நினைத்துக் கேட்டுவைத்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, புகார் கொடுத்துவிட்டார். இன்னொரு புகார் வந்தால் வீட்டுக்குப் போகலாம் என்றார் மேலாளர். என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. பாத்ரூமில் போய் அழுதேன்.

மறுநாள் பக்கத்து சீட்டிலிருந்த நீ ஓர் அட்டையோடு வந்தாய். பச்சை ஸ்கெட்ச் பேனாவில் ஒரு பக்கம் நம்ம ஊர், எதிரே அவங்க ஊர். டிக்கிக்கு பூட். ஸ்டெப்னிக்கு ஸ்பேர் வீல். ஹோட்டல் என்றால் அங்கே தங்கத்தான், பசி என்றால் ஹோட்டலுக்கு அனுப்பாதே என்று அடிக்கோடு வேறு. "நீ பேசுனது தப்பு இல்லடி லூசு. இங்க சரி, அங்க செல்லாது. அவ்ளோதான்" என்றாய். அதன்பின் நான் தடுமாறும் முன்பே உன் பேனா மேஜையில் டக்கென்று தட்டும்.

ஆஸ்பத்திரியில் நீ கிடந்த கடைசி மதியம், கைக்குழந்தையோடு ரோட்டில் நின்ற ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். மேலாளர் ஒரு துண்டுச் சீட்டை என் முன் வைத்தார். நீ போய்விட்டாய் என்று எழுதியிருந்தது. உதவி வண்டி வந்து சேரும்வரை லைனை வைக்கக் கூடாது. நாற்பது நிமிடம் பேசினேன். பூட், ஸ்பேர் வீல், எல்லாம் சரியாக வந்தது. ரொம்ப நிதானமாகப் பேசினீர்கள் என்று அவர் நன்றி சொன்னார். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. அன்று அழவில்லை. இன்றுவரை அழுகை வரவில்லை. உள்ளே மரத்துக் கிடக்கிறது.

வேலையை விட்டபோது, மேஜையில் ஒட்டியிருந்த உன் அட்டையைக் கழற்றி வந்து டிக்கியில் போட்டேன். இன்று அதைக் கையில் எடுத்த கடைக்காரர், "தூக்கிப் போட்றவா அக்கா?" என்றார்.

"வேணாங்க, அங்கயே வைங்க."

சக்கரத்தை மாட்டிவிட்டு எழுந்தார். "ஸ்டெப்னி மாட்டியாச்சு, டிக்கிய மூடிக்கங்க."

என் விரல் கார்மேல் டக்கென்று தட்டியது.

"என்னக்கா?" என்று திரும்பினார். ஒன்றுமில்லை என்றேன்.