யார் மேலே நிற்பது

பிப். 3, திங்கள்

காலையில் மழையும் பனியும் கலந்த சனியன். கார் கண்ணாடியைச் சுரண்டிச் சுரண்டிக் கை மரத்துப்போனது. ஸ்கூல் ஜிம்மில் ஹீட்டர் மறுபடியும் அவுட். நான் கோச்சாக இருக்கும் சியர்லீடிங் டீம் மொத்தமும் பல் கிடுகிடுக்க ஸ்ட்ரெச்சிங்.

வாங்க: ரிப்பன், மணிக்கட்டு டேப், பால், கறிவேப்பிலை (ஐசலின் பக்கம் இந்தியக் கடைக்குப் போனால்).

நேற்று தமிழ்ப் பள்ளிப் பொங்கல் விழா (ஹால் இப்போதுதான் கிடைத்தது). சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் சுதா, என் டீமில் இருக்கும் அஞ்சலியின் அம்மா. நான் பின்னால் நிற்பது தெரியாமல் பக்கத்தில் இருந்தவரிடம்: "கோச்சோட பொண்ணாச்சே, அவதானே மேல நிப்பா? எங்க அஞ்சலி எல்லாம் கீழ நின்னு தோள் குடுக்கத்தான்."

வடையை எடுக்காமலே வரிசையிலிருந்து விலகினேன். ஆட்டத்தின் நடுவே கட்டும் மனிதக் கோபுரத்தில் மீரா உச்சியில் நிற்பது என் பெண் என்பதால் இல்லை. அத்தனை பேர் தூக்கிப் பிடிக்க, ஒற்றைக் காலில் ஆடாமல் நிற்க இந்த டீமில் அவளால் மட்டும்தான் முடியும். இதை யாரிடம் போய் நிரூபிப்பது? கணக்கு டீச்சர்தானே, போர்டில் எழுதிக் காட்டட்டுமா?

பிப். 4, செவ்வாய்

தூக்கமே இல்லை. கணவர்: "யாரோ ஏதோ சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. விடேன்." அவருக்கென்ன, ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் இவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியது நான்தான்.

மாலை ப்ராக்டிஸில் இடத்தை மாற்றிவிட்டேன். அடுத்த வாரம் போட்டியில் அஞ்சலி மேலே. மீரா கீழே: அஞ்சலியின் பாதத்தைக் கையில் தாங்க வேண்டும், சரிந்தால் பிடிக்க வேண்டும்.

மீரா: "டிட் ஐ டூ சம்திங் ராங்?"

"இல்லடா. எல்லாருக்கும் ஒரு சான்ஸ் குடுக்கணும்ல."

"ஓகே, கோச்."

ஜிம்மில் அம்மா என்று கூப்பிடக் கூடாது, கோச் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது நான் போட்ட ரூல். வீட்டுக்கு வந்த பிறகும் கோச் என்றுதான் கூப்பிட்டாள். எனக்கு நன்றாக வேண்டும்.

பிப். 7, வெள்ளி

வெயில். ஆனால் உறைகிற குளிர். அல்ஜீப்ரா டெஸ்ட் பேப்பர் ஒரு கட்டு, திருத்தாமல்.

இன்று ஒரு நல்ல நேரம். "ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட்!" எல்லாக் கையும் ஒரே சமயம் மேலே. எல்லாக் காலும் ஒரே சமயம் கீழே. மரத்தரை அதிர்ந்தது. பெண்களே ஒரு கணம் திகைத்து, பிறகு ஓவென்று சிரித்தார்கள். இந்தச் சத்தத்துக்காகத்தான் வருஷா வருஷம் கோச் வேலையை விடுகிறேன் விடுகிறேன் என்று சொல்லி விடாமல் இருக்கிறேன். மீராவும் சிரித்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அஞ்சலி நல்ல பெண். உழைக்கிறாள். மேலே போனதும் முழங்கால் நடுங்குகிறது, கீழே பார்த்துவிடுகிறாள். பார்க்காதே, எதிர்ச்சுவரைப் பார் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுப்பது மீராதான். அத்தனை பொறுமையாக. எனக்குத்தான் தாங்கவில்லை.

பிப். 12, புதன்

ஸ்னோ. ஸ்கூல் லீவு. ப்ராக்டிஸ் போச்சு.

சுதா போன். "தேங்க்ஸ் மேடம். நீங்க ரொம்ப ஃபேர்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்." கேட்டதும் மனசு குளிர்ந்தது. வெட்கக்கேடு.

அஞ்சலி இன்னும் தயாரில்லை. பழையபடி மாற்றிவிட இப்போதும் முடியும். எனக்குத் தெரிகிறது. சுதாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

மீரா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு. "தோசை வேணுமா?" "ஐ'ம் குட்." வேண்டாமாம்.

பிப். 15, சனி

போட்டி. சுருக்கமாக எழுதுகிறேன்.

பாதிவரை சுத்தமாகப் போனது. பிறகு தூக்கினார்கள். அஞ்சலி மேலே போனாள், சிரித்தாள், கீழே பார்த்தாள். பக்கவாட்டில் சரிந்தாள். மீரா விடவில்லை. குறுக்கே பாய்ந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அஞ்சலியின் முழங்கை மீரா முகத்தில் இறங்கியது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

ஓடினேன். அஞ்சலியிடம்.

"எங்கம்மா வலிக்குது? காலை அசை பாப்போம்." கணுக்கால், மணிக்கட்டு, கழுத்து, எல்லாம் பார்த்தேன். ஒன்றுமில்லை, பயத்தில் அழுகை. நிமிர்ந்தபோதுதான் மீரா. வேறு ஸ்கூல் கோச் ஒருவர் அவள் மூக்கில் துண்டை அழுத்திப் பிடித்திருந்தார். யூனிஃபார்மின் முன்பக்கமெல்லாம் ரத்தம். துண்டுக்கு மேலே இரண்டு கண், என்னையே பார்த்தபடி. எவ்வளவு நேரமாகவோ.

எமர்ஜென்சி. எக்ஸ்ரே. மூக்கெலும்பு முறிவு.

யோசித்து அந்தப் பக்கம் போகவில்லை. கால் தானாகப் போயிற்று. அதுதான் பயமாக இருக்கிறது. பெற்ற பிள்ளை ரத்தம் கொட்ட நிற்கிறாள், ஊர்வாய்க்குப் பயந்து அவளைத் தாண்டி ஓடியிருக்கிறேன். நான் என்ன பிறவி?

பிப். 16, ஞாயிறு

மூட்டம். மீரா சோபாவில், ஐஸ் பையுடன். கண்ணுக்கடியில் கன்றிப்போய் நீலம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். டிவி சத்தத்தைக் கூட்டினாள். எழுந்து வந்து பாத்திரம் கழுவினேன்.

மதியம் சுதாவும் அஞ்சலியும். டப்பா நிறைய புளியோதரை. சுதா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாட்ஸப் குரூப்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன் மேடம். சொந்தப் பொண்ணுக்கு அடிபட்டு ரத்தமா கொட்டுது, அப்பகூட முதல்ல எங்க அஞ்சலிகிட்டதான் ஓடி வந்தாங்கன்னு. அந்த மனசு யாருக்கு வரும் சொல்லுங்க?"

அஞ்சலி தரையைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் சோபாவிலிருந்து மீரா. தமிழில்.

"ஆமா ஆன்ட்டி. நான் பாத்தேன்."