நீல விளக்கும் கிளிக் சத்தமும்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து மூக்கில் எலிக்கூண்டு வாடை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகவில்லை. வெளியே பால்டிமோர் முழுக்கப் பனி உருகிக் கறுத்த சேறு.

என் எலிகளுக்கு நிக்கோட்டின் நிறுத்தி ஒரு மாதமாகிறது. நாளத்தில் செருகிய குழாயில் இப்போது வருவது வெறும் உப்புநீர். இன்று அவற்றைப் பழைய பெட்டிக்குள் விட்டு, முன்பு மருந்து வரும்போதெல்லாம் எரிந்த நீல விளக்கைப் போட்டேன். கூடவே அந்தக் ‘கிளிக்’ சத்தம். அவ்வளவுதான். முன்பு அமுக்கினால் மருந்து வந்த நெம்புகோலை அமுக்கு அமுக்கென்று அமுக்கித் தள்ளின. ஒரு பெண் எலி தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதன் மூளையில் செருகியிருக்கும் கண்ணாடி இழை வழியாக வரும், ஏக்கத்தை அளக்கும் கோடு திரையில் செங்குத்தாக எழும்பியது. அது நெம்புகோலைத் தொடுவதற்கு முன்பே, விளக்கு எரிந்த உடனேயே.

அதே எலியை விளக்கில்லாத வேறு பெட்டியில் விட்டால் மூலையில் சுருண்டு தூங்குகிறது.

இந்தப் பிடியை எப்படி அறுப்பது என்று கண்டுபிடிக்கத்தானே இதெல்லாம்? அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி

பேராசிரியர் ஹார்லன் ப்ரூயிட் அறைக்குக் கூப்பிட்டார். புதிய சோதனையாம். நீலம், பச்சை, கிளிக், மணி, அதிர்வு என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும்.

“எது சீக்கிரம் மறந்துபோகுதுன்னா?” என்றேன்.

“இல்ல ரெனாட்டா. எது விடவே விடாதுன்னு.”

“அது எதுக்கு?”

“எதிரியோட பலம் தெரிஞ்சாத்தானே அடிக்க முடியும்?”

சிரித்தார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 13, வியாழன்

நீலமும் அதிர்வும் சேர்ந்தால் ஓர் எலியும் விடுவதில்லை. ப்ரூயிட் கைதட்டினார். கைதட்டினார்!

மார்ச் 20, வியாழன்

இன்று இரண்டு பேர் வந்தார்கள். மின்சிகரெட் செய்யும் கம்பெனிக்காரர்கள். ப்ரூயிட் அவர்களுக்கு ஆலோசகராம். எனக்கு இன்றுதான் தெரியும்.

ஒருவன் பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்து உறிஞ்சினான். நுனியில் நீலமாக எரிந்தது, கையில் லேசாக அதிர்ந்தது. மாம்பழ வாசனை. எலிக்கூண்டு வாடையோடு அந்த வாசனை கலந்ததும் நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன்.

“மருந்தக் கூட்டினா அரசாங்கம் கழுத்தப் பிடிக்கும்,” என்றான் அவன், என் வரைபடத்தை விரலால் தடவிக்கொண்டே. “விளக்கக் கூட்டினா யாரு கேக்கப்போறா?”

சீ. நான் வரைந்த கோடு அது. நிறம்கூட நான்தான் கொடுத்தேன்.

என்னோடு வேலை செய்யும் ஷானிஸிடம் பொருமினேன். “இப்பத்தான் தெரியுமா உனக்கு? நான் சேந்த வாரமே மூக்கப் பொத்திக்கிட்டேன்டி,” என்றாள். “எனக்கு வீட்டுல ரெண்டு புள்ளைங்க. உனக்கு மனசாட்சி மட்டும்தான். நீயே போய்ச் சொல்லு.”

மார்ச் 21, வெள்ளி

அவர்களுக்காகவா இதைச் செய்கிறோம் என்று ப்ரூயிட்டிடமே கேட்டுவிட்டேன்.

“நீ செய்யலேன்னா டெக்ஸஸ்ல ஒருத்தன் செய்வான்.”

“அவனே செய்யட்டும்.”

ப்ரூயிட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அடுத்த வேலைக்குப் போறப்ப சிபாரிசுக்கு என் பேரத்தான் எழுதணும். ஞாபகம் வச்சுக்கோ.”

குரலை உயர்த்தவே இல்லை மனுஷன். அதுதான் இன்னும் அருவருப்பாக இருக்கிறது. கத்தியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

மார்ச் 28, வெள்ளி

ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. வறுத்த மீனைப் பிட்டு வாயருகே கொண்டுபோனாலே அந்த மாம்பழ வாசனை. போதும் என்று டாக்டர் ஓடெட்டைப் பார்க்கப் போனேன். பல்கலைக்கழகத்து மிருக வைத்தியர் அவர். விலங்குச் சோதனைகளுக்கு அனுமதி தரும் குழுவில் இருக்கிறார்.

எல்லாவற்றையும் கேட்டார். “ஒரு உசிர நோகடிக்க நாங்க அனுமதி குடுக்கறது நோயத் தீக்கறதுக்கு,” என்றார். “அவன் கடை நடத்தறதுக்கு இல்ல.”

ஏப்ரல் 2, புதன்

குழுவினர் சோதனையை நிறுத்திவிட்டார்கள். லிஃப்டில் நானும் ப்ரூயிட்டும் மட்டும்.

“எலிக்காகவா இவ்வளவும்?” என்றார்.

என் மாடி வந்ததும் இறங்கிவிட்டேன். இப்போது வருகிறது பதில்: எலிக்காகவும்தான்.

ஏப்ரல் 11, வெள்ளி

சோதனை நின்றதால் எலிகள் பிழைத்துவிடவில்லை. தலையில் இழையும் நாளத்தில் குழாயுமாக இருப்பவற்றை யார் வைத்துக்கொள்வார்கள்? ஓடெட் கடைசி ஊசி போட்டார். ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தது நான். அந்தப் பெண் எலி என் கையுறையை முகர்ந்துகொண்டே இருந்தது.

ப்ரூயிட் நாற்காலி அசையவில்லை. கம்பெனி வேறு ஆய்வகத்தைப் பிடித்துவிட்டதாம், ஷானிஸ் சொன்னாள். எனக்கு மட்டும் வேலை ஜூனோடு சரி.

இதற்கா? இதற்குத்தானா?

செப்டம்பர் 15, திங்கள்

மேற்குப் பக்கத்துப் போதைச் சிகிச்சை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். காத்திருக்கும் கூடத்தில் நாற்காலிகளை எப்படிப் போட்டாலும் மதியத்துக்குள் எல்லாம் ஒரே சுவருக்கு முதுகு காட்டித் திரும்பிவிடுகின்றன. யார் திருப்புகிறார்கள் என்று எனக்குப் புரியவேயில்லை. இன்றுதான் அந்தச் சுவரை நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னலை ஒட்டி, ‘வேண்டாம் என்று சொல்’ என ஒரு பெரிய சுவரொட்டி. நடுவில் ஊசி, வளைந்த கரண்டி, அதன் கீழே எரியும் தீ. பளபளவென்று, ஆளுயரத்துக்கு.

எவன் ஒட்டினான் இதை? இவர்கள் கண்ணெதிரே, அந்த நீல விளக்கைப் போல!

நாற்காலியில் ஏறி, நகம் பெயரப் பெயரக் கிழித்தேன். யாரையும் கேட்கவில்லை. கீழே தினமும் மருந்துக்கு வரும் லெராய் நின்றுகொண்டிருந்தார், அறுபதைத் தாண்டியவர். நான் இறங்கியதும் தன் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

“வெயில் இந்தப் பக்கந்தாம்மா வருது,” என்றார்.