காலியாக இருந்த சிக்னேச்சர் கட்டம்

வடக்குப்பட்டு
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் ஜோயலுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனதுதான் சரியில்லை. அந்தப் போலந்துக் குளிரில் நீ நலமாக இருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்று தாளில் எழுதி, உன் தங்கை ஷெர்லின் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன். அப்பாவுக்குத் தெரியாது. என் போனுக்குப் பதில் அனுப்பாதே.

என்னை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நேற்றுக் காலை ஷிப்டுக்கு வல்லம் வடகால் கம்பெனி கேட்டில் கார்டை வைத்தேன், சிவப்பு விளக்கு எரிந்தது. பஸ்ஸில் கூட வந்தவர்களெல்லாம் உள்ளே போய்விட்டார்கள், நான் மட்டும் டிபன் பாக்ஸோடு செக்யூரிட்டி பக்கத்தில் நின்றேன். ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட நான் லேட் கிடையாது.

எல்லாம் நானே இழுத்துவிட்டுக்கொண்டதுதான். கம்பெனி ஆட்கள் பெயர் சொல்லாமல் குறைகளைப் பேசிக்கொள்ளும் அந்த இணைய விவாதத் தளத்தில் நீதான் போலந்துக்குப் போகுமுன் எனக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்தாய். கனகாம்பரம் என்று பெயர் வைத்து, மின்னஞ்சலைக் காட்டாதே, ஊரைக் காட்டாதே என்று ஒவ்வொன்றாக டிக் போட்டாய். போன மாதம் எழுத்து பொடியாக இருக்கிறதே, பெரிதாக்கலாம் என்று செட்டிங்ஸுக்குள் போனேன். சிக்னேச்சர் என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. கம்பெனியில் லீவு ஃபார்மில் கையெழுத்துக் கட்டம் காலியாக இருந்தால் மூஞ்சியில் எறிவார்கள், பெயர், டோக்கன் நம்பர், செக்ஷன் மூன்றும் எழுதியாக வேண்டும். கை பழகிப்போயிற்று. கிரேசி, டோக்கன் 4172, பிரஸ் ஷாப் இன்ஸ்பெக்ஷன் என்று நிரப்பிவிட்டேன். அது என் பதிவு ஒவ்வொன்றின் அடியிலும், பழையது உட்பட, தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும் என்று யார் கண்டது. சூப்பர்வைசர் நரசிம்மன் கேட்டுக்கே வந்து, இன்னாக்கா இது, பேரே வேணான்ற எடத்துல டோக்கன் நம்பரோட எய்தி வச்சிகீறீங்களே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நான் எழுதியது பொய்யில்லை. கை உள்ளே போனால் பிரஸ் மிஷினை நிறுத்தும் சென்சாரை டார்கெட்டுக்காக அணைத்துவைக்கிறார்கள். செல்வலட்சுமிக்கு இரண்டு விரல் போனது அப்படித்தான். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், சுங்குவார்சத்திரம் ஹாஸ்டலில் இருக்கிறாள். அவள் கவனக்குறைவு என்று ரிப்போர்ட் எழுதிவிட்டார்கள். நான் கைய வச்சது நெசந்தான்க்கா, மிஷினு நின்னுருக்கணும்லா என்று என்னிடம் கேட்டாள். அதை எழுதியதற்கு எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டுப் பதினோரு பெண்கள், எந்த ஷிப்டில் யார் அணைக்கச் சொன்னது என்று கனகாம்பரத்தை நம்பித் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார்கள், சொந்தப் பெயரோடு. அத்தனை பேரும் கான்ட்ராக்ட். நாளைக்கே வெளியே அனுப்பிவிடலாம்.

வியாழக்கிழமை விசாரணை. யார் யார் செய்தி அனுப்பினார்கள் என்று போனைக் கொண்டுவந்து கணக்கைத் திறந்து காட்டினால் வேலை திரும்பக் கிடைக்கும் என்கிறார் எச்.ஆர். காட்டிட்டு வா, அந்தப் பொண்ணுங்களுக்கு நாம கியாரண்டியா குடுத்தோம் என்கிறார் அப்பா. அவரைத் தப்பாக நினைக்காதே, ஷெர்லினுக்குக் காலேஜில் கடைசி வருஷம், பயப்படுகிறார். நானும் பயப்படுகிறேன். பயந்தால் நான் எப்படி என்று உனக்கே தெரியும். ஸ்கூலில் நீ கண்ணாடியை உடைத்தபோது டீச்சர் ஒரு பார்வை பார்த்ததும் உன்னைக் காட்டிக்கொடுத்தது நான்தானே.

அந்தக் கணக்கை உன் மின்னஞ்சலில்தான் தொடங்கினாய். உடனே பாஸ்வேர்டை மாற்றி, என் போனில் திறந்திருப்பதையும் வெளியேற்றிவிடு. எதையும் அழிக்காதே, செல்வலட்சுமி வழக்குப் போட்டால் அந்தச் செய்திகள் வேண்டும்.

ஈரக் காலுறையோடு வேலை செய்யாதே, நேரத்துக்குச் சாப்பிடு. கர்த்தர் உன்னைக் காத்து, நல்ல வழியில் நடத்துவார். மறக்காதே, வியாழக்கிழமைக்குள். புதுப் பாஸ்வேர்டை என்னிடம் சொல்லாதே. விசாரணையில் இருந்தபடி நான் போன் பண்ணி அழுது கேட்டாலும் சொல்லாதே.

உன் அம்மா
கிரேசி