போனது ஒன்பது, வந்தது பன்னிரண்டு

மார்ச் 3

அன்புள்ள மச்சானுக்கு,

நாங்கள் நலம். உன் தங்கைக்கு முட்டிவலியாம். கடைக்கு என்னை அனுப்புகிறாள். மாடிவீட்டு வம்பு கேட்க மட்டும் இரண்டிரண்டு படியாக ஏறுகிறாள்.

ஒரு சந்தோஷச் செய்தி. அன்று பாலத்துச் சண்டைக்கு நான் கொண்டுபோன டாங்கியை முகாம் வாசலில் மேடை கட்டி நிறுத்தப் போகிறார்கள். விழாக்குழுத் தலைவர் அடியேன். ஏப்ரல் 20 அன்று டாங்கி தன் சொந்தக் காலில் சரிவேறி மேடையில் நிற்க வேண்டும், உச்சியில் நான் நிற்க வேண்டும். அந்தக் கிழட்டு எஞ்சினை எழுப்ப உன்னை விட்டால் ஆள் இல்லை.

கல்வெட்டு வாசகம்: "பாலத்தை டாங்கிகள் தனித்தே வென்றன." படித்ததும் உன் மூக்கு சிவக்கும், தெரியும். ஆனால் இருபத்திரண்டு வருடமாகச் சாப்பாட்டு மேசையில் நாம் போடும் சண்டைக்கு ஒரு முடிவு வேண்டாமா? தரைவழித் தாக்குதலுக்கு டாங்கிதான் முஷ்டி. உங்கள் கவச வண்டி ஆளேற்றும் தகர டப்பா, அவ்வளவுதான். ஆதாரத்துக்கு, அன்று நான் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துத் திருந்து.

அன்புடன்,
உன் டாங்கி மாப்பிள்ளை


மார்ச் 9

டாங்கி மாப்பிள்ளையின் சமூகத்துக்கு,

தகர டப்பா எழுதுவது. பட்டறை ஓடுகிறது, தொந்தி வளர்கிறது, தலையில் மிச்சமிருந்த நாலு முடியும் ராஜினாமா கொடுத்துவிட்டன.

டாங்கி சுவரை இடிக்கும், ஒத்துக்கொள்கிறேன். இடித்த சுவருக்குப் பின்னால் பள்ளத்தில் தோளில் ராக்கெட்டோடு ஒருத்தன் படுத்திருப்பானே, அவனைக் குனிந்து பார்க்க உன் டாங்கிக்கு இடுப்பு இருக்கிறதா? இறங்கி நடக்க ஆள் வேண்டும். அந்த ஆளை உயிரோடு கொண்டுபோய் இறக்க டப்பா வேண்டும். இந்தக் காலத்தில் தலைக்கு மேல் ட்ரோன் வேறு. அதற்கு நீயும் ஒன்றுதான், நானும் ஒன்றுதான். நியாயத்தைச் சொன்னால், உன் பீரங்கி முழங்காவிட்டால் நானும் பாலம் வரை வந்திருக்க முடியாது. ஆனால் எனக்கு முன்னால் போவது வேறு, என்னை விட்டுவிட்டுப் போவது வேறு.

மறந்துவிட்டாயா? "டப்பாக்காரங்க அங்கயே நில்லுங்க, குறுக்க வராதீங்க!" என்று வயர்லெஸ்ஸில் கத்தியது நீ. தனியாகப் போய்ச் சேற்றில் மாட்டியதும் நீ. எங்கள் வண்டித் தலைவர் மீசை அண்ணன்தான் உன் உத்தரவை மீறி, "ஓட்டுடா டப்பா, மானம் போனாலும் ஆள் போகக் கூடாது" என்றார். பள்ளத்தைக் காலி செய்து உங்கள் மூன்று பேரையும் ஏற்றினோம். நீ தரையில் உட்கார்ந்து யாருடைய பூட்ஸையோ கட்டிப்பிடித்திருந்தாய். இவ்வளவு பயந்த பிள்ளை பெண்டாட்டியிடம் குரல் உயர்த்த மாட்டான் என்றுதான் என் தங்கையைக் கொடுத்தேன்.

அறிக்கையும் படித்தேன். "கவச வண்டிகள் இரண்டு மணி நேரம் தாமதமாக, ஒன்பதரைக்குத்தான் வந்தன." அழகான கையெழுத்து. உன்னுடையதேதானா? அந்த ஒரு வரிக்காகத்தான் மீசை அண்ணனைக் கிடங்குக் காவலுக்குத் தள்ளினார்கள். உத்தரவை மீறிய கதையைச் சொன்னால் அதற்குத் தனித் தண்டனை என்று அவர் வாயைத் திறக்கவில்லை. "எவன்டா எழுதிக் குடுத்தான்?" என்று போன வருடம் கண்ணை மூடும்வரை என்னிடம் கேட்டார். அண்ணி இன்னும் கேட்கிறாள். அதனால்தான் விசாரித்தேன்.

இப்படிக்கு,
டப்பா


மார்ச் 15

மச்சான்,

என் கையெழுத்துதான். அதற்கென்ன இப்போது? நீங்கள் தாமதமாக வந்தால்தானே நான் தனியாகப் போனதற்கு ஓர் அர்த்தம் இருக்கும்? "ஏன் தனியாகப் போனாய்?" என்று கேட்டிருந்தால் என் தோள்பட்டையில் ஒரு நட்சத்திரம் மிஞ்சியிருக்காது. ஏழரையை ஒன்பதரையாக்கினேன். மீசை பாவம்தான், ஆனால் போனவர் போய்விட்டார். கல்லும் வெட்டியாகிவிட்டது. அண்ணியிடம் உளறி வைக்காதே, உன் தங்கை மேல் ஆணை. டாங்கியை மட்டும் எழுப்பிக் கொடு.

உன் மாப்பிள்ளை


மார்ச் 19

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கோபமா, எனக்கா? இந்தத் தொந்திக்குக் கோபம் ஜீரணமாகாது. கட்டாயம் வருகிறேன். எஞ்சினை நானே எழுப்புகிறேன், டீசலும் நானே ஊற்றுகிறேன். நீ கையை அழுக்காக்கிக்கொள்ளாதே. உடைசல் ஏலத்தில் எடுத்தேனே நம் பழைய டப்பா, லாரி இழுக்க வைத்திருக்கிறேனே, அதில்தான் வருவேன். ஓரமாக நிறுத்திக்கொள்கிறேன். அண்ணியையும் அழைத்து வருகிறேன், ஒரு நாற்காலி போடு.

என்றும் உன்,
டப்பா


ஏப்ரல் 24

டாங்கித் தளபதி அவர்களுக்கு,

டாங்கி சரிவின் பாதியில் நின்றது தற்செயல் என்று குழுவில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களாம். வேண்டாம், என் தொழிலுக்கு அவமானம். அந்த எஞ்சின் எத்தனை லிட்டரில் எத்தனை அடி ஏறும் என்று எனக்குத் தெரியும். அளந்துதான் ஊற்றினேன்.

டாங்கி பின்னால் உருண்டுவிடும் என்று கூட்டம் அலறியது. உருளாது, பிரேக்கை முந்தின நாளே பார்த்துவைத்தவன் நான். நீங்கள்தான் உருண்டீர்கள். இஸ்திரி போட்ட உடுப்போடு சறுக்கிக் கீழே வந்தீர்கள். என் டப்பா ரிவர்ஸில் வந்தது, பின்கதவு திறந்தது. யாரும் கூப்பிடவில்லை, பழக்கதோஷத்தில் நீங்களே ஓடிவந்து ஏறிக்கொண்டீர்கள். ஜனங்கள் கைதட்டினார்கள். இருபத்திரண்டு வருடச் சாப்பாட்டு மேசைச் சண்டை அந்த இடத்தில் முடிந்தது.

உள்ளே நாற்காலியில் அண்ணி, கையில் டார்ச்சும் விழா மைக்கும். ஆட்களை எண்ணி எழுதாமல் கதவை மூடக் கூடாது என்பது மீசை அண்ணனின் சட்டம். கதவின் உள்பக்கம் மஞ்சள் பென்சிலில் அவர் கையெழுத்து அப்படியே இருக்கிறது: "7.40. போனது 9. வந்தது 12." லாரி இழுத்த இத்தனை வருடத்தில் அந்த இடத்தில் மட்டும் நான் துணி போட்டதில்லை.

"அந்த மூணு பேர்ல நீங்களும் ஒருத்தர்தானே தம்பி? மணி சரியா இருக்கா, படிச்சுச் சொல்லுங்க" என்றாள் அண்ணி. டார்ச்சை அந்த வரியில் அடித்து, மைக்கை உங்கள் வாயருகே நீட்டினாள். "சரிதான்" என்று நீங்கள் சொன்னது ஒலிபெருக்கியில் கடைசி வரிசைவரை கேட்டது.

அந்த வரியின் புகைப்படம், நீங்கள் அன்போடு அனுப்பிய அறிக்கை நகல், "என் கையெழுத்துதான்" என்ற உங்கள் மார்ச் 15 கடிதம், மூன்றும் மேலிடத்துக்குப் போய்விட்டன. அண்ணன் கோப்பிலிருந்து "தாமதம்" போகும். உங்கள் கோப்பில் என்ன ஏறும் என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

தங்கை போன் செய்தாள். "அண்ணா, இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராத" என்றாள். பிறகு, "என்கிட்டகூட அவரு சொல்லலியே" என்று வைத்துவிட்டாள். அது எனக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் டீசலை அளந்தேன்.

மீசை அண்ணன் எழுதியதில் நான் கை வைக்கவில்லை. அதற்குக் கீழே மட்டும், உங்களைக் கழித்து, ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "வந்தது 11." எண்ணி முடித்தாயிற்று. கதவை மூடிவிட்டேன்.

இப்படிக்கு,
கவச வண்டி ஓட்டுநர்