உன் படையலில் வைத்த பாட்டில்

தம்பி, உன் வருசப் படையல் முடிந்து வீட்டைக் கழுவி விட்டாயிற்று. கூடத்தில் பிராந்தி வாடை மட்டும் போகவில்லை. ஒருவேளை என் மூக்கில்தான் நிற்கிறதோ என்னவோ.

திருப்பூரிலிருந்து வந்த உன் பங்காளி மகன்தான் அந்தப் பாட்டிலை இலையில் வைத்தான். "சித்தப்பா இதனாலதான போனாக. ஆசதீரக் குடிக்கட்டும்" என்றான். செத்தவருக்குப் பிடித்ததை வைப்பது நம் வழக்கம். நீ அதைத் தொட்டதே இல்லை என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

தேனி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, தலையணையை வயிற்றோடு கட்டிக்கொண்டு, முன்னால் குனிந்தபடியே எனக்கு விளக்கினாய். "அக்கா, நம்ம திராட்சைக்கு ஓடுற சொட்டுநீர் ஓஸ்ல உப்பு அடைச்சா என்னாகும்? மோட்டாரப் போட்டதும் உப்பிக்கிரும்ல? என் கணையத்துக் குழாய்ல கல்லு. கறியும் எண்ணெயும் உள்ள போனா நீர் கூடச் சுரக்கும், போக வழியில்லாம அழுத்தம் ஏறும். பட்டினி கெடந்தா இறங்கும்." குடித்தாலும் கணையம் கெடுமாம். உனக்குக் குடியில்லை என்பதால், சில குடும்பங்களில் ரத்தத்திலேயே வரும் என்று டாக்டர் சொன்னாராம். அதைச் சொல்லும்போது மட்டும் உன் குரல் தணிந்தது.

படையலன்று தேவதானப்பட்டியிலிருந்து நம் பேத்தியைப் பெண் கேட்கும் வீட்டம்மாவும் வந்திருந்தார்கள். பாட்டிலைப் பார்த்துவிட்டு, "ஏன் ஆத்தா, ஒங்க தம்பிக்குக் குடிதானோ?" என்றார்கள். நான் அஞ்சாவதுதான் படித்தவள், ஆனால் வாயில்லாதவள் என்று என்னை யாரும் சொன்னதில்லை. ரத்தம் என்றால் சம்பந்தம் நின்றுவிடுமே என்று கணக்குப் போட்டேன்.

"லேசா உண்டு" என்றேன்.

அந்தம்மாவுக்கு மோர் கொடுத்துவிட்டுத் திரும்பிய பேத்தி அப்படியே நின்றாள். "தாத்தா எப்ப அப்பத்தா குடிச்சாக? கல்லுல்ல அது! எங்க குடும்பத்துல வரலாம்னு டாக்டரே சொன்னாரு." பாட்டிலை எடுத்துப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். "எனக்குக் கல்யாணம் நடக்க தாத்தாவக் குடிகாரனாக்கணுமா?"

அந்தம்மா மோரைக் கீழே வைத்தார்கள். "ஊருக்குப் போயிட்டுச் சொல்லிவிடுறோம்" என்று கிளம்பினார்கள். இன்னும் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

கல்யாணம் வேண்டாமென்று என் வீட்டிலேயே காலம் கழித்தவன் நீ. உன்னை எனக்குத்தான் முழுசாகத் தெரியும். அந்த நானே உனக்குக் குடி உண்டென்று சொல்லிவிட்டேன். பேத்தியின் தைரியத்தை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட ஆசைதான், எந்த முகத்தோடு சொல்வது?

உன் படத்துக்கு இப்போது அவளைத்தான் பூ வைக்கச் சொல்கிறேன். "நீயே வையேன் அப்பத்தா" என்கிறாள். கை எட்டவில்லை என்கிறேன். அதுவும் பொய்தான்.