ரோட்டைத் தாண்டாத கவர்

6-10-1970, செவ்வாய்

ஐந்தாவது மனுவுக்கும் பதில் வந்துவிட்டது. அதே இரண்டு வரி. "ஜூலை மாதத்தில் அத்தகைய எச்சரிக்கைக் கடிதம் எதுவும் வரப்பெறவில்லை. தீயணைப்பு ஊழியர் யேசுதாஸ் இறந்தது அவரது கவனக்குறைவால்."

கவனக்குறைவு. பதினோரு வருஷ சர்வீஸில் ஒரு வாளியைக்கூட இடம் மாற்றி வைக்காதவன் என் மகன்.

குப்பம்மாள் டீக்கடையில் வைத்துத்தான் பிரித்தேன். "பெருசு, உன் மனுவப் படிக்கறதுக்குன்னே கவர்மென்ட்டு ஒரு ஆளப் போட்டுக்கீதாமே" என்றாள். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஆறாவது எழுதுவேன். அந்த ஒரு சொல்லை அடிக்கும்வரை எழுதுவேன்.

8-10-1970

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். கோபத்தில் எனக்கே பிசகிவிடக் கூடாது.

ஜூலை 23, வியாழன். ஆந்திரா போலீசிலிருந்து நம் ஊர் போலீஸ் ஸ்டேஷனுக்கு அரக்கு வைத்த கவர் வந்தது. மேலே 'ரகசியம்', இன்ஸ்பெக்டர் பெயர். அவர் பெரியபாளையம் ஆடித் திருவிழா பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். பெயருக்கு உரியவர்தான் அரக்கை உடைக்க வேண்டும் என்பது சட்டம். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர், தலைமைக் காவலர் பரசுராமன் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான்.

ஜூலை 26, ஞாயிறு. எல்லையோரக் கிராமத்தில் ஒரு மிராசுதாரரின் வைக்கோல் போர் எரிந்தது. யேசுதாஸ் குழாயைத் தூக்கிக்கொண்டு முதலில் கிணற்றுக்கு ஓடினான். கிணற்றடியில் புதைத்திருந்த வெடி வெடித்தது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்து கவரை உடைத்தார். உள்ளே இருந்தது இதுதான்: நக்சலைட்டுகள் தீ வைத்துவிட்டு, அணைக்க வருகிறவர்களுக்காகக் கிணற்றடியில் வெடி புதைக்கிறார்கள், எச்சரிக்கை.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் நடுவே இருபதடி ரோடு. மூன்று நாளில் அந்தக் காகிதத்தால் இருபதடி தாண்ட முடியவில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? பரசுராமனே ஆகஸ்டு மாதம் வந்து அழுதுகொண்டே சொன்னான். இருபது வருஷ சிநேகம். "எழுதிக் கொடுடா" என்றேன்.

"அண்ணே, ஸ்டேஷன் ரகசியத்த வெளிய சொன்னேன்னு என்னத் தூக்கிடுவாங்க. ரிட்டயர் ஆக இன்னும் பத்து மாசம். ரெண்டு பொண்ணு கீது."

"எனக்கும் ஒரு பிள்ளை இருந்தாண்டா" என்றேன். அதுதான் அவனிடம் நான் பேசிய கடைசிப் பேச்சு. மனுவில் அவன் பெயரைப் போடவில்லை. 'நம்பத்தகுந்த ஒருவர் சொன்னார்' என்றுதான் எழுதுகிறேன். அந்த அளவு மரியாதை போதும் அவனுக்கு.

15-11-1970, ஞாயிறு

கோயிலுக்குப் போய்விட்டு வந்த மருமகள் சாராள், மேஜையில் கிடந்த காகிதங்களை ஒதுக்கிவிட்டுச் சோறு வைத்தாள். "மாமா, இந்த ஊட்ல இப்போ அவரு பேரு ஃபைல்லதான் கீது. நீங்க அவரப் பத்தி வேற இன்னாத்தயாவது பேசி எவ்ளோ நாளாச்சு?"

என்ன பேசுவேன்? நானும் லீடிங் ஃபயர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவன். போய் இறங்கியதும் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் கிணற்றுக்கு ஓடுடா — இதை அவனுக்குச் சொன்னதே நான்தானே.

2-1-1971

எட்டாவது மனு அனுப்பினேன்.

27-2-1971, சனி

பரசுராமன் ரோட்டைத் தாண்டினான்.

இன்ஸ்பெக்டர் எலெக்ஷன் வேலையாக ஊத்துக்கோட்டைப் பக்கம் போயிருக்கிறார். மறுபடி அரக்கு வைத்த கவர். பரசுராமன் பட்டப்பகலில், பாரா நிற்கும் கான்ஸ்டபிள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உடைத்தான். தொப்பிகூடப் போடாமல் எதிரே ஓடிப்போய்த் தீயணைப்புக்காரர்களுக்குப் படித்துக் காட்டினான். நான் டீக்கடையிலிருந்து பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான்.

இன்றைக்கு உடைத்தவன் அன்றைக்கு உடைத்திருக்கலாமே!

28-2-1971

வைக்கோல் போர் ஒன்று எரிந்தது. தீயணைப்பு வண்டியில் ஆறு பேர் போனார்கள். கிணற்றை நெருங்கவில்லை, ஏரியிலிருந்து தண்ணீர் எடுத்தார்கள். பிறகு போலீசார் கிணற்றடியைத் தோண்டி இரண்டு வெடியை எடுத்தார்களாம்.

ஆறு பேரும் வந்துவிட்டார்கள். எனக்குச் சந்தோஷமாக இல்லை. ஏன் இல்லை? என்ன மனுஷன் நான்?

9-3-1971

பரசுராமனை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

20-4-1971, செவ்வாய்

பரசுராமன்மேல் நடக்கும் விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மேஜைமேல் என் எட்டு மனுவும், நூல் கோத்து.

அதிகாரி இளைஞர். மரியாதையாகத்தான் பேசினார். "பெரியவரே, ஜூலை மாசத்துத் தபால் புத்தகம் கரையான் அரிச்சுப்போச்சுன்னு சொல்றாங்க. இப்ப உங்க பேச்சு ஒண்ணுதான் பாக்கி. கவர் வந்ததை உங்ககிட்ட யார் சொன்னது? பேரைச் சொன்னா மனு நிக்கும். உங்க பையன் ரிப்போர்ட்டைத் திருத்த நானே எழுதுறேன்."

"சொன்ன ஆளுக்கு என்னங்க ஆவும்?"

"ஏற்கெனவே ஒரு கவரை உடைச்சவர்னா, ரெண்டாவது குற்றம். டிஸ்மிஸ்தான். பென்ஷனும் கிடையாது."

யாரென்று அவருக்குத் தெரியும். ஜன்னல் வழியே வராந்தா தெரிந்தது. பரசுராமன் யூனிபாரம் இல்லாமல், கசங்கிய வேட்டியில் நின்றுகொண்டிருந்தான். நான் உள்ளே போகும்போது அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையைக்கூடக் கூப்பவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

"யாரும் சொல்லலீங்க" என்றேன். "புள்ள போன துக்கத்துல நானே கற்பனை பண்ணி எழுதிட்டேன்."

அதிகாரி எழுதி நீட்டினார். 'மனுதாரர் ஆதாரம் இல்லையென ஒப்புக்கொண்டார்.' பள்ளிக்கூடம் போகாதவன் நான். ஃபயர் வண்டியில் எழுதியிருந்த எழுத்தைப் பார்த்துப் பார்த்தே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவன்; அப்படிப் பழகிய கையெழுத்து. எட்டு மனுவில் போட்டதையே அதன் கீழும் போட்டேன்.

யேசு, அப்பனை மன்னித்துக்கொள்ளடா. 'கவனக்குறைவு'ன்ற அந்தச் சொல் இனி அப்படியேதான் கீதுடா.

3-6-1971

பரசுராமனுக்குச் சட்டைக்கையில் இருந்த தலைமைக் காவலர் கோடு மூன்றும் போயிற்று. கான்ஸ்டபிளாக ரிட்டயர் செய்து அனுப்புகிறார்கள். பென்ஷன் உண்டு, குறைத்து.

26-7-1971, திங்கள்

வருஷம் ஒன்று. காலையில் சாராளோடு கல்லறைக்குப் போனேன். யேசுதாஸ் சின்ன வயதில் பழவேற்காட்டில் நண்டைப் பிடித்து அரைக்கால் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு அப்புறம் அழுதாள்.

திரும்பும்போது குப்பம்மாள் கடை பெஞ்சில் பரசுராமன். எழுந்து போகப் பார்த்தான். "குந்துடா" என்றேன்.

அப்போதுதான் எதிரே மணி அடித்தது. வண்டி கிளம்புமுன் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து புது ரைட்டர் ஓடிவந்து டிரைவரிடம் என்னவோ சொன்னார். கையில் காகிதம் எதுவும் இல்லை. "கிணத்தாண்ட" என்ற ஒரு சொல் மட்டும் எனக்குக் கேட்டது. வண்டி ஆறு பேரோடு போய்விட்டது.

நாங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். ஆறிப்போன டீயைக் குப்பம்மாள் இரண்டு தடவை மாற்றிக் கொடுத்தாள். நாலு மணிக்கு வண்டி திரும்பியது. இறங்கியவர்களை நான் எண்ணினேன். பரசுராமனும் எண்ணிக்கொண்டிருந்தான் போல, உதடு அசைந்தது.

"ஆறுண்ணே" என்றான்.

"ஆறு" என்றேன்.